பாம் கிராஸ் நாய் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையோ இளம்பழுப்போ நிறம், புசுபுசுவென ரோமம், முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால், கேட் சத்தம் கேட்டால் போதும், வீட்டையே இரண்டாக்கும் குரல். தமிழ்நாட்டில் ‘பாம் கிராஸ்’ என்றால் எந்த நாய் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழே வரும் அளவுகள் எல்லாம் வளர்ந்து முடிந்த 6 கிலோ நாய்க்கு உரியவை. ஆகவே உங்கள் நாயின் எடை முதலில் தெரிந்தாக வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறிக் கழித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள்.

இது பொமரேனியனா, ஸ்பிட்ஸா, நாட்டு நாயா?

பெரும்பாலும் மூன்றும் கலந்ததுதான். நம் ஊரில் தலைமுறைகளாகப் ‘பொமேரியன்’ என்று சொல்லப்படுவது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்களிலிருந்து இந்த வெப்பத்துக்குப் பழகி உருவானது. 1980, 90களில் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டு நாய் என்றால் பெரும்பாலும் இதுதான். அசல் பொமரேனியன் வளர்ந்து முடிந்தாலும் மூன்று கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். முகம் குட்டை, மூக்கு சிறியது. ஸ்பிட்ஸுக்கு நரி போல நீண்ட முகம். சின்ன ஸ்பிட்ஸ் 5 முதல் 7 கிலோ, பெரிய ஸ்பிட்ஸ் 12 கிலோவுக்கு மேல். இவை தங்களுக்குள்ளும் தெரு நாய்களோடும் கலந்து பிறந்தவையே பாம் கிராஸ். ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்குக் காது விடைத்து நிற்கும், இன்னொன்றுக்குப் பாதி மடிந்திருக்கும். ரோமமும் அப்படித்தான்.

‘கிராஸ் நாய்க்கு நோயே வராது’ என்பதை நம்ப வேண்டாம். ஒரே இனத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் வரும் சில பரம்பரைக் கோளாறுகள் குறையலாம். பார்வோ என்னும் ரத்தக் கழிச்சல் நோயும் உண்ணிக் காய்ச்சலும் சாதி பார்ப்பதில்லை. முழங்கால் சிப்பி நழுவுவது, மூச்சுக்குழாய் தளர்வது, பற்கள் கெடுவது ஆகிய மூன்றும் சின்ன உடம்போடு சேர்ந்தே வருபவை.

குட்டி எவ்வளவு பெரிதாகும்?

நான்கு மாதத்தில் இருக்கும் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மூன்று கிலோ என்றால் ஆறு கிலோவை ஒட்டி நிற்கும். பத்து மாதத்துக்குள் உயரம் நின்றுவிடும். ரோமம் முழுதாக இறங்க ஒன்றரை வயது வரை ஆகலாம். இடையில் நான்கு முதல் எட்டு மாதம் வரை குட்டி ரோமம் கொட்டி, நாய் நரிக்குட்டி மாதிரி அசிங்கமாகத் தெரியும். சொறி என்று பயந்து தைலம் தடவாதீர்கள். தோல் சிவந்தோ, செதில் உதிர்ந்தோ, அரித்தோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

‘டீகப்’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் குட்டி பெரும்பாலும் வயதைக் கூட்டிச் சொன்ன குட்டி, இல்லையென்றால் சத்துக் குறைந்த குட்டி.

வாங்கும்போதோ தத்தெடுக்கும்போதோ எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தாயை. ரோமம், குணம், அளவு மூன்றுக்கும் அதுதான் நம்பகமான சாட்சி. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. வயதைச் சரிபார்க்க வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குக் கடைவாய்ப் பால்பற்கள் வரை முழுதாக வந்திருக்கும், மொத்தம் 28.

பிறகு ஈறு. ரோஜா நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது. வயிறு மட்டும் பானை போல் உப்பி விலா தெரிந்தால் புழு. தொப்புளில் பட்டாணி அளவு வீக்கம் இருந்தால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் ஆபத்தில்லை, கருத்தடையின்போது சேர்த்தே தைத்துவிடலாம். ஆண் குட்டிக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒன்று உள்ளேயே நின்றால் அதை அறுவை செய்து எடுக்க வேண்டும். விட்டால் பின்னாளில் கட்டியாகலாம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என்ன தவறு நடக்கிறது?

இரண்டு. ஒன்று, பட்டினி. புது இடத்தில் பயந்து சாப்பிடாமல் ஒரு இரவு கிடந்தால், ஒன்றரைக் கிலோகூட இல்லாத குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாடும், கண் சொருகும், சில நேரம் வலிப்பு வரும். தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு.

இன்னொன்று பார்வோ. தொற்றிய மூன்று முதல் ஏழு நாட்களில் பெரும்பாலும் வெளிப்படும். சோர்வு, வாந்தி, பிறகு துர்நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற வார்த்தைக்கு இதில் இடமே இல்லை. முன்பு பார்வோவில் நாய் இறந்த வீட்டுக்குப் புதுக் குட்டி கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவிய பின் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அப்படிச் செய்தாலும், தடுப்பூசி முடிந்த குட்டியாகக் கொண்டுவருவதே புத்திசாலித்தனம்.

தடுப்பூசி, புழு மாத்திரை கணக்கு என்ன?

டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும் வரை போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் கடைசி ஊசிதான் முக்கியம். ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

குடற்புழு நீக்கம் பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருந்து எடைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய நாய்க்கான மாத்திரையைக் ‘கால்வாசியா உடைச்சுக் குடுங்க’ என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

என்ன சாப்பாடு, எவ்வளவு?

கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 6 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 375 முதல் 430 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 கலோரிக்குக் குறையாது. காலையில் தாத்தா இரண்டு, மாலையில் பாட்டி இரண்டு என்று போட்டால் நூறு கலோரி, அதாவது ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கு. ‘ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது, ஆனா குண்டாகுது’ என்ற புகாரின் விடை பெரும்பாலும் பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கும்.

உலர் தீவனம் என்றால் பாக்கெட்டில் உள்ள கலோரியைப் பார்த்து, சுமார் 100 கிராம், இரண்டு வேளையாக. ‘ஒரு கை’ என்பது அளவில்லை, தராசில் ஒருமுறை நிறுத்து ஒரு டம்ளரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாப்பாடு என்றால் ஒரு நாளைக்கு எலும்பில்லாத வேகவைத்த கோழி 100 கிராம், குழைந்த சோறு 150 கிராம், பூசணி, கேரட் அல்லது பீன்ஸ் 50 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். உப்பு, மிளகாய், மசாலா வேண்டாம். வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதில் முட்டையோ, முள் நீக்கிய மீனோ தரலாம். இந்தத் தட்டில் பெரிய ஓட்டை கால்சியம். கோழிக்கறியில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். முட்டை ஓட்டைக் கழுவிக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து நாளொன்றுக்குக் கால் டீஸ்பூன் சேர்த்தால் வளர்ந்த நாய்க்கு ஈடாகும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ இவையும் குறையும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு ஒரு சத்துப்பொடியும் வேண்டும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கோணும். முதல் பத்து மாதம் குட்டிகளுக்கான தீவனத்தை முக்கிய உணவாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

தயிர் சாதம் கெடுதல் இல்லை, ஆனால் அது சாப்பாடு ஆகாது. வெறும் தயிர் சாதத்தில் வளரும் நாய்க்குப் புரதம் போதாமல் ரோமம் மங்கிச் சொரசொரப்பாகும். பால் பல நாய்களுக்குக் கழிச்சல் தரும். தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

அளவு சரியா என்று தெரிய ரோமத்துக்குள் விரல் விட்டு விலாவைத் தடவுங்கள். புறங்கையின் விரல் எலும்புகள் தட்டுப்படுவது போல லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இந்த ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

எதைக் கொடுக்கவே கூடாது?

வெங்காயம், பூண்டு: ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். 6 கிலோ நாய்க்கு ஒரு நடுத்தர வெங்காயமே ஆபத்தான அளவை நெருங்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. தினம் கொஞ்சம் சாம்பார் சாதம் என்றாலும் சேர்ந்துகொண்டே வரும். திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைப் பாதிக்கும், எந்த நாய்க்கு எவ்வளவில் என்று கணிக்க முடியாது. பாயசத்தில் மிதப்பதும் அதேதான். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணம் என்ற கருத்து அண்மையில் வலுத்திருக்கிறது. அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. புளிக்குழம்பு, புளியோதரை, வத்தக்குழம்பு மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.

டார்க் சாக்லேட் 20, 25 கிராம் இந்த எடைக்கு நடுக்கமும் படபடப்பும் தரப் போதும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் அதைவிட மோசம். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். பீரோவில் போடும் பூச்சி உருண்டை, எலி மருந்து, நம் மாத்திரைகள் எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமாலோ, நொண்டுகிறது என்று டைக்ளோஃபினாக், இபுபுரூஃபனோ கொடுத்துப் பிழைக்கவைக்க முடியாமல் போன நாய்கள் நிறைய.

எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்பே நஞ்சாகும். தின்ற பொருளின் உறையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால்தான் வயிற்றிலிருந்து எடுக்க வழி உண்டு.

வெயில் தாங்காதே, மொட்டை அடித்துவிடலாமா?

வேண்டாம். சித்திரை வந்தால் அதிகம் நடக்கும் தவறு இது. இந்த நாய்க்கு இரட்டை ரோமம். மேலே முரடான நீண்ட முடி, அடியில் பஞ்சு. மேல்முடி வெயிலைத் தோலில் நேரடியாக விழாமல் தடுக்கிறது. மழித்தால் பஞ்சு முதலில் முளைத்து, மேல்முடி மாதக்கணக்கில் வராமல் திட்டுத் திட்டாக நிற்கும். சில நாய்களுக்கு முதுகில் திரும்ப வருவதே இல்லை. வெளிர்த் தோல் வெயிலில் கன்றியும் போகும்.

சூட்டைப் பிடித்து வைப்பது சீவாமல் கிடக்கும் உதிர்ந்த பஞ்சு. அதை எடுத்துவிட்டால் காற்று தோல் வரை போகும். பாதம், பின்தொடை, ஆசனவாய், வயிற்றடியில் மட்டும் கத்தரியால் குறைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி நடை காலை ஏழு மணிக்குள், மாலை ஆறுக்கு மேல். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். மொட்டை மாடிக் கொட்டகை, நிறுத்திய கார் இரண்டிலும் கால் மணி நேரத்தில் உயிர் போகலாம். நாய்க்கு இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி. 105-ஐத் தாண்டி, நாக்கு செங்கல் நிறமாகி, எச்சில் கயிறாக வழிந்து, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ரோமத்தின் அடிவரை நனையும்படி ஊற்றி, மின்விசிறிக்கு நேரே வையுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். சூடு 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். பிறகு தேறியது போல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், சிறுநீரகமும் ரத்த உறைவும் மறுநாள்தான் தகராறு செய்யும்.

சீவுவதும் குளிப்பாட்டுவதும் எப்படி?

வாரம் மூன்று நாள் சீவல், ரோமம் கொட்டும் பருவத்தில் தினமும். மேலே மேலே சீவினால் பளபளவென்று தெரியும், அடியில் சடை பிடித்திருக்கும். தண்ணீரை லேசாகத் தெளித்து, ஒரு கையால் ரோமத்தை வகிடு எடுப்பது போல மேலே தூக்கி, தோல் தெரியும் கோட்டிலிருந்து மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷால் வெளிப்பக்கமாக இழுங்கள். ஒரு அங்குலம் மேலே அடுத்த வகிடு. கடைசியில் இரும்புச் சீப்பு தங்கு தடையின்றி ஓடினால் வேலை முடிந்தது. சடை விழும் இடங்கள் காதுக்குப் பின்னால், கக்கம், பின்தொடை, கழுத்துப்பட்டையின் கீழ். விழுந்த சடையை விரலால் பிரித்துச் சோளமாவு தூவி நுனியிலிருந்து அவிழ்க்கலாம். அவிழாவிட்டால் தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே கத்தரியுங்கள். சீப்பு இல்லாமல் வெட்டித் தோலைச் சேர்த்து வெட்டியவர்கள் ஏராளம்.

குளியல் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சீவிய பிறகே நனைக்க வேண்டும், சடை நனைந்தால் கம்பளியாக இறுகும். நம் ஷாம்பும் சோப்பும் நாய்த் தோலுக்கு ஒத்துவராது. மிகவும் முக்கியமானது உலர்த்தல். மேலே காய்ந்து அடிப்பஞ்சு ஈரமாக நின்றால் இரண்டு நாளில் தோல் வெந்து நீர் கோத்த புண்ணாகும், ஐப்பசி மழையில் இன்னும் சீக்கிரம். துண்டால் ஒற்றி, ட்ரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சீவிக்கொண்டே காய வையுங்கள்.

உண்ணி ஒழியவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

நாயின் மேல் இருப்பது கொஞ்சம், வீட்டுக்குள் இருப்பதுதான் அதிகம். நம் ஊர்ப் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிச் சுவரேறி, விரிசல், சுவிட்ச் போர்டு, கட்டில் கால், திரைச்சீலை மடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பொரிந்து வருபவை தீனி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே நாயை மட்டும் கவனித்தால் தீராது.

நாய்க்கு மாதம் ஒருமுறை தரும் அஃபாக்ஸோலனர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரும் ஃப்ளூராலனர் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் கலவையை லேபிளில் உள்ள அளவில் கரைத்து விரிசல்களில் அடித்து, காயும் வரை நாயை வெளியே வையுங்கள். பூனைக்கும் மீன் தொட்டிக்கும் இது நஞ்சு. முட்டை பொரிந்து வருவதற்காக இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு வேலையும் சேர்ந்து மூன்று, நான்கு மாதம் விடாமல் நடந்தால்தான் சங்கிலி அறும்.

மண்ணெண்ணெய், ஃபினாயில், கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் எதையும் தடவாதீர்கள். தோல் உறிஞ்சும், நாய் நக்கும். ஒன்றிரண்டு உண்ணி என்றால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். தினமும் தேட வேண்டிய இடங்கள்: காதுக்குள், விரலிடுக்கு, கழுத்து, கக்கம், கண்ணிமை.

சாப்பாட்டை ஒதுக்குவது, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்றுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள். நான்காம் நாளே துள்ளிக் குதிக்கும், அதைப் பார்த்து நிறுத்தினால் திரும்ப வரும். மாத்திரையை வெறும் வயிற்றில் தராதீர்கள். சாப்பாட்டோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்கவையுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். உண்ணி பரப்பும் இன்னொரு தொற்றான பபீசியாவுக்கு மருந்தே வேறு, அதனால்தான் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது.

வாத்து கத்துவது போல இருமுகிறது, ஏன்?

சந்தோஷத்தில் குதிக்கும்போதும், கழுத்துப்பட்டையை இழுக்கும்போதும், தண்ணீர் குடித்ததும் அப்படி இருமினால் மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்திருக்கலாம். கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டுவதை இன்றே நிறுத்தி மார்பில் மாட்டும் ஹார்னஸுக்கு மாறுங்கள். எடையைக் குறையுங்கள், கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கழுத்தை நீட்டி மூக்கால் ‘குர்ர் குர்ர்’ என்று காற்றை உள்ளே இழுத்து அரை நிமிடத்தில் சரியானால் அது தலைகீழ்த் தும்மல், பயமில்லை. வயதான நாய் இரவில் இருமினால் இதய வால்வையும் பார்க்க வேண்டும். தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டியே நின்றால் மருத்துவரிடம் போங்கள்.

ஓடும்போது ஒரு பின்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டி, பிறகு சாதாரணமாக ஓடுகிறது?

முழங்கால் சிப்பி நழுவித் திரும்ப உட்காருகிறது. எப்போதாவது என்றால் எடைக் கட்டுப்பாடும் வழுக்காத தரையும் போதும். காலை ஊன்றவே இல்லை என்றால் அறுவை வரை போகும். நம் வீட்டு டைல்ஸ்தான் எதிரி. நடமாடும் வழியில் ரப்பர் விரிப்போ பழைய யோகா விரிப்போ போட்டு, பாத மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியை மாதம் ஒருமுறை வெட்டி, நகம் தரையில் ‘டக் டக்’ என்று ஒலிக்காத அளவுக்குக் குறைத்து வையுங்கள். சோபாவிலிருந்து குதிக்காமல் இருக்க ஒரு முக்காலி.

பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறது, புழுவா?

சில நேரம். பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கும், மீன் நாற்றம் வரும். மருத்துவர் பிதுக்கிவிடுவார். பூசணிக்காய் ஒரு மேசைக்கரண்டி தினமும் சேர்த்தால் மலம் திரண்டு, சுரப்பி தானாகக் காலியாக உதவும்.

வாய் நாற்றம் சகிக்கவில்லை?

சின்ன வாயில் 42 பல். நெருக்கடியில் காரை சீக்கிரம் படியும். ஏழு மாதத்திலும் கோரைப் பால்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் கருத்தடை மயக்கத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். தினமும் இல்லாவிட்டாலும் வாரம் நான்கு நாள் நாய்களுக்கான பேஸ்ட்டால் வெளிப்பக்கத்தைத் துலக்குங்கள், நம் பேஸ்ட் வேண்டாம். படிந்து கெட்டியான காரை துலக்கினால் போகாது. மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

குரைத்துக்கொண்டே இருக்கிறது, அக்கம்பக்கத்தில் சண்டை?

ஸ்பிட்ஸ் ரத்தத்தில் காவல் குரைப்பு ஊறியது. முழுதாக நிறுத்த முடியாது, சுருக்க முடியும். ‘சும்மா இரு’ என்று நீங்கள் கத்துவது அதற்கு நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் படும். காலிங் பெல்லை வீட்டிலுள்ள ஒருவர் அடிக்க, இரண்டு முறை குரைத்ததும் மூக்கருகே சிறு துண்டுக் கோழியைக் காட்டுங்கள். மோப்பம் பிடிக்க வாய் மூடும். மூடிய அந்த நொடியில் ‘போதும்’ என்று மெதுவாகச் சொல்லி, அந்தத் துண்டைக் கொடுங்கள். நாளைக்குப் பத்து முறை, இரண்டு மூன்று வாரம். பால்கனிக் கம்பி வழியே தெருவைப் பார்த்துக் குரைத்தால் கீழ்ப் பகுதியைத் தட்டியால் மறைத்துவிடுங்கள். மடியிலிருந்து உறுமுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதையே 30 கிலோ நாய் செய்தால் சிரிப்பார்களா என்று யோசிக்கலாம். உறுமிய உடனே மடியிலிருந்து இறக்கிவிடுங்கள், அடிக்க வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரமே ஓர் உள்ளறையைத் தயார் செய்யுங்கள். ஜன்னல் மூடி, மின்விசிறி முழு வேகம், கட்டிலடியில் அதன் போர்வை. நடையை வெடி தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். கதவு திறந்த ஒரு நொடியில் ஓடித் தொலைவது இந்த நாட்களில்தான். கழுத்தில் போன் எண் எழுதிய வில்லை இருக்கட்டும். மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவர் பதற்றம் குறைக்கும் மாத்திரை தருவார், முன்கூட்டியே கேளுங்கள்.

பெண் நாய்க்குக் கருத்தடை அவசியமா?

ஆறு முதல் ஒன்பது மாதத்தில் முதல் பருவம் வரும். மூன்று வாரம் வரை நீடிக்கும், பிறகு சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். விட்டுவைத்த நாய்களுக்கு நடுவயதில் கர்ப்பப்பையில் சீழ் கோர்ப்பது சாதாரணம். பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, நாற்றமுள்ள கசிவு இருந்தால் அன்றே அறுவை தேவைப்படும். கசிவு இல்லாமல் வயிறு மட்டும் உப்பினால் இன்னும் ஆபத்து. மார்புக் கட்டி வரும் வாய்ப்பையும் இளவயதுக் கருத்தடை குறைக்கும். ‘ஒரு ஈற்று போட்டால்தான் ஆரோக்கியம்’ என்பதில் உண்மையில்லை. பெரிய தெரு நாயோடு சேர்ந்த சின்ன நாய்க்குச் சுமார் 63 நாளில் பிரசவம் வரும்போது குட்டி சிக்கிக்கொள்ளவும் கூடும். அறுவைக்குப் பிறகு சாப்பாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க மறக்காதீர்கள்.

விளையாட்டில் பல் பட்டுவிட்டது, ஊசி போட்ட நாய்தானே?

இருந்தாலும் புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அயோடின் தடவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ரேபீஸ் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்திருந்தால் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுக்குமாடி, உரிமம், ரயில் பயணம்?

நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் நிலைப்பாடு. பொது இடத்தில் கயிற்றில் பிடிப்பதும் கழிவை அள்ளுவதும் உங்கள் பொறுப்பு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் உரிமம் கட்டாயம், ரேபீஸ் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே அல்லது கேபின் முழுவதையும் எடுத்தால் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டு. இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. மே மாதப் பகல் ரயிலில் கார்டு பெட்டிக் கூண்டு இந்த ரோமத்துக்கு ஏற்றதல்ல.

எத்தனை வருடம் இருக்கும்?

12 முதல் 15 வருடம், கவனித்து வளர்த்தால் அதைத் தாண்டியும். எட்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இரண்டு முறை ரத்தம், சிறுநீர், இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணில் நீலம் பூத்தது போல் தெரிவதெல்லாம் கண்புரை அல்ல, பெரும்பாலும் வயதுக்கேற்ற மங்கல்தான். ஆனால் இருட்டில் சுவரில் முட்டினால் காட்டுங்கள். பார்வை போன நாய் வீட்டை மோப்பத்தாலும் நினைவாலும் அறியும். சோபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் விட்டாலே அது தட்டுத்தடுமாறாமல் நடக்கும்.